கீரைப் பாத்தியும் தவசிப் பூனையும்

வேலையில் இருந்த காலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை முழுக்க நெருஞ்சியும் குப்பைமேனியும்தான். தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் மூன்று பாத்தி போட்டேன். ஒன்றில் அரைக்கீரை, ஒன்றில் சிறுகீரை, மூன்றாவதில் வெந்தயக்கீரை. மாமல்லபுரத்து மண் எவ்வளவு எரு கலந்தாலும் மணல் மணல்தான். விதை தூவி, பூவாளியால் தண்ணீர் தெளித்துவிட்டு, மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி நடுவில் சின்னதாக ஒரு மேடு. குச்சியால் கிளறியதும் வந்த வாடையை இங்கே விவரிக்க வேண்டாம். மீன் வந்து இறங்கும் ஊரில் பூனைக்குப் பஞ்சமா? எங்கள் கொல்லைக்கு வந்து போகிறவை மட்டும் ஐந்து.

முதலில் இதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்தில் மகள் வீட்டுக்கு வந்ததும் வேடிக்கை போய்விட்டது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மண்ணில் உட்கார்ந்து கீரை பறிப்பதில் ஆசை. பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டர், "வீட்டில் பூனை இருக்கா? தோட்ட வேலை செய்வீங்களா?" என்று கேட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். அவளுக்கு அந்தக் கிருமி முன்பு வந்த அடையாளமே இல்லை என்று முடிவு வந்தது. நல்லதுதானே என்றேன். "இல்லப்பா, முன்னாடி வந்திருந்தா உடம்புல எதிர்ப்பு இருந்திருக்கும். இப்பப் புதுசா வந்தாத்தான் குழந்தைக்கு ஆபத்தாம்" என்றாள்.

டாக்ஸோபிளாஸ்மா என்று அதற்குப் பெயர். 1908-ல் துனிஸ் நகரத்தில் எலி இனத்து விலங்கு ஒன்றில் முதலில் கண்டார்கள். அது பூனையின் கழிவு வழியாகப் பரவுகிறது என்று தெளிவாக 1970 வரை ஆகிவிட்டது. கழிவு விழுந்த உடனே தொற்றாது; ஒன்றிலிருந்து ஐந்து நாள் கழித்துத்தான் வீரியம் பெறும். அதன் பிறகு ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே அன்றன்று அள்ளிப் புதைத்துவிட வேண்டும், கையுறை போட வேண்டும், கீரையை நன்றாக அலசி வேகவைக்க வேண்டும். மகளைப் பாத்திப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடியது எனக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் காலார நடந்து போய் அர்ஜுனன் தபசுப் பாறை முன்னால் நின்றேன். எத்தனையோ வருஷம் தினமும் கடந்து போன பாறை. சுமார் 90 அடி நீளம், 30 அடிக்கு மேல் உயரம். நடுவில் இயற்கையான பிளவு, அதில் நாகர்கள். இடது பக்கம் ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறவர். வலது பக்கம் யானைகள். வெளியூர் உறவினர்களை அழைத்துப் போனால் எல்லோரும் யானையைத்தான் பார்ப்பார்கள். பெரிய யானையின் முன்புறம், கீழே பாருங்கள் என்று நான்தான் கைகாட்ட வேண்டும். அங்கே ஒரு பூனை பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே இருக்கும் தவசியைப் போலவே நிற்கிறது. சுற்றிலும் எலிகள்.

சிரித்துவிட்டுப் போகிறோமே தவிர, அந்தப் பூனையின் முழுக் கதையையும் அறிந்தவர்கள் குறைவு. அது மகாபாரதத்து உத்தியோக பருவத்தில் வருகிறது. போர் தொடங்கும் முன் துரியோதனன் உலூகனைப் பாண்டவர்களிடம் தூது அனுப்புகிறான். தருமரைக் கேலி செய்யச் சொல்லி அனுப்பும் கதை இது. கங்கைக் கரையில் ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது. பறவைகள் நம்புகின்றன. எலிகளும் நம்பி, எங்களைக் காப்பாற்று என்று அடைக்கலம் புகுகின்றன. காப்பாற்றுகிறேன், ஆனால் விரதத்தால் மெலிந்துவிட்டேன், தினமும் என்னை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்கிறது பூனை. நாளுக்கு நாள் பூனை கொழுக்கிறது, எலிகள் குறைகின்றன.

எப்படி மாட்டிக்கொண்டது தெரியுமா? நாங்கள் சின்ன வயதில் கேட்ட கதைகளில் இதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு கிழட்டு எலி பூனையின் கழிவைப் பார்த்துவிடுகிறது. கனியும் கிழங்கும் தின்கிறவனின் கழிவில் ரோமம் இருக்காதே, இதில் இருக்கிறதே என்று மற்ற எலிகளிடம் சொல்கிறது. எலிகள் ஓடிப்போகின்றன, பூனையின் தவம் அத்தோடு முடிகிறது. கழிவை மண்ணைத் தள்ளி மூடும் பிராணியை அந்தக் கழிவை வைத்தே பிடித்த கதை. குச்சியும் கையுமாகக் கொல்லையில் குனிந்து நிற்கும் எனக்கு அந்தக் கிழட்டு எலி மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

இந்தச் சிற்பம் அர்ஜுனன் தவமா, கங்கையைக் கொண்டுவரப் பகீரதன் செய்த தவமா என்ற வாதம் பழையது. கொலூபேவ் என்ற அறிஞர் 1914-ல் பகீரதன் பக்கம் பேசினார். நான் கல்வெட்டு படித்தவன் இல்லை. ஆனாலும் என் ஓட்டு பகீரதனுக்குத்தான், காரணம் பூனை. அதன் கதை நடப்பதே கங்கைக் கரையில். அதோடு, அர்ஜுனனின் தவத்தைப் போற்றிச் செதுக்கும் சிற்பி, அவன் அண்ணனைக் கேலி செய்ய எதிரி சொன்ன கதையை அதே பாறையில் கொண்டுவந்து வைப்பானா? ஊரில் என் நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. பல்லவச் சிற்பிக்கு நகைச்சுவை உண்டு, உனக்குத்தான் இல்லை என்பார்.

பூனை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைக்கும் எலியின் இளமைக்கும் 'குட்டி' என்ற ஒரே பெயரைத்தான் கொடுக்கிறது. வெருகு என்பது காட்டுப் பூனை. குறுந்தொகையின் 139-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார், மாலை நேரத்தில் வேலியோரம் வெருகுகள் வரக்கண்ட வீட்டுக் கோழி பதறித் தன் குஞ்சுகளைக் கூப்பிடுவதைச் சொல்கிறார். அந்தக் கூச்சலை ஊரார் பேச்சுக்கு உவமையாக வைக்கிறார். வேலி அன்றும் இருந்தது, பூனை அன்றும் வந்தது. கம்பரோ பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூசை என்று தன்னையே சொல்லிக்கொண்டார்.

சரி, என் வேலிக்கு வருகிறேன். முதலில் ஆரஞ்சுத் தோல் போட்டேன். ஒரு நாள் நின்றது. உடைமுள் வெட்டிப் பரப்பினேன். பூனை முள்ளுக்கு நடுவில் இடம் கண்டுபிடித்தது, முள் என் காலில் ஏறியது. குப்பத்திலிருந்து கிழிந்த நைலான் வலை வாங்கி வந்து மூடினேன். இரண்டாம் நாள் விடியற்காலையில் ஒரே கத்தல். ஒரு குட்டி கழுத்தில் வலை சுற்றிக் கிடந்தது. கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு அறுத்து எடுப்பதற்குள் என் கை நடுங்கிவிட்டது. வலையை அன்றே சுருட்டிவிட்டேன்.

இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தெரிந்தவர் ஒருவர், "என்னத்துக்கு சார் இவ்ளோ பாடு? எலி மருந்தைக் கருவாட்டுல தடவி வெச்சா ரெண்டே நாள்" என்றார். உள்ளதைச் சொல்கிறேன், ஒரு ராத்திரி யோசித்தேன். மகள் வயிற்றில் இருப்பது எங்கள் முதல் பேரக்குழந்தை.

யோசிக்கும்போது ருக்மிணி தேவி ஞாபகம் வந்தார். திருவான்மியூர் கலாக்ஷேத்ரா என்றால் நாட்டியத்தைத்தான் நினைப்போம். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், பிராணிகள் வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960-ஆம் வருஷத்துச் சட்டம். 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். விஷம் வைப்பது அந்தச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், வலையில் கிடந்த குட்டியின் கத்தல் காதில் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வழி கிடைத்தது களை பிடுங்க வந்த பாட்டியிடமிருந்து. நான் பிடுங்கிய களைகளைக் குப்பையில் போடாமல், ஈரம் காக்கட்டும் என்று பாத்தி ஓரத்திலேயே வேரோடு போட்டு வைத்திருந்தேன். பாட்டி பார்த்துவிட்டுச் சிரித்தார். "குப்பமேனி வேர இப்டிப் போட்டுட்டு பூன வருதுன்னா எப்டி சாமி? அதுக்குப் பூனைவணங்கின்னு பேரு தெரியாதா?"

தெரியாது. சித்த மருத்துவத்தில் மார்ஜாலமோகினி என்றும் சொல்வார்களாம். சளிக்கும் சொறிசிரங்குக்கும் இலையைப் பயன்படுத்தியது தெரியும். வேரை முகர்ந்த பூனை தலையை உரசிப் புரளும் என்பது தெரியாது. கிறிஸ்துமஸ் தீவில் காட்டுப் பூனைகள் இந்த வேரைத் தேடி வருவதை ஆஸ்திரேலியர்கள் கவனித்திருக்கிறார்கள். வேரில் பூனையை ஈர்க்கும் இரண்டு பொருள்கள் எவை என்று 2016-ல் கண்டு வெளியிட்டார்கள். அந்தப் பெயரை வைத்த நம் ஆட்கள் எந்தக் காலத்தில் பார்த்து வைத்தார்களோ! நான் தினமும் தாம்பூலம் வைத்து அழைத்துவிட்டு, விருந்தாளி வந்தார் என்று கோபித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கே பாத்திப் பக்கம் ஒரு குப்பைமேனிகூட இல்லாமல் எடுத்தேன். கொல்லைக் கோடியில் முருங்கை மரத்தடியில் இரண்டு கூடை காய்ந்த மணல் கொட்டி, பிடுங்கிய வேர்களை அதன் ஓரத்தில் போட்டேன். பாத்திகளின் மேல் கோழிக்கூண்டுக் கம்பிவலையைத் தரையோடு தரையாக விரித்து, நான்கு மூலையிலும் ஆணி அடித்தேன். கீரை கண்ணி வழியாக மேலே வந்துவிடும், பூனையால் பறிக்க முடியாது. காலையிலும் மாலையிலும் மண்ணை ஈரமாகவே வைத்தேன்; பூனைக்குக் காய்ந்த பொலபொல மணல்தான் பிடிக்கும். முதல் வாரத்தில் இரண்டு முறை வழக்கமான இடத்துக்கே வந்து கம்பியைப் பிறாண்டின. அப்புறம் முருங்கைக்குப் போயின. தினமும் காலையில் கையுறையோடு முருங்கையடியை அள்ளுவது என் வேலை. இரண்டு பூனைகளுக்குக் குடும்பக் கட்டுப்பாடும் செய்து கொண்டுவந்தோம். மற்ற மூன்றும் கூண்டுக்குள் வராமல் டபாய்த்துக்கொண்டிருக்கின்றன.

எரு கலந்த பழைய மண்ணை ஓர் அடி ஆழம் தோண்டி எடுத்துவிட்டு, புதுமண் போட்டு விதைத்த வெந்தயக்கீரையைப் பன்னிரண்டாம் நாள் என் மனைவி பறித்தாள். மூன்று தண்ணீரில் அலசி, பருப்போடு சேர்த்து வேகவைத்தோம். மகள் திண்ணையில் உட்கார்ந்து, எந்தப் பாத்தியில் எவ்வளவு பறிக்க வேண்டும் என்று அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.