சென்றவரும் நின்றவரும்

அந்தியோக்கியாத் திருச்சபை பவுலையும் பர்னபாவையும் நற்செய்திப் பணிக்கு அனுப்பி வைத்த நிகழ்ச்சியைத் திருத்தூதர் பணிகள் நூலின் பதின்மூன்றாம் அதிகாரம் மூன்றே வசனங்களில் சொல்லிவிடுகிறது. நோன்பிருந்தார்கள், இறைவனிடம் வேண்டினார்கள், அவ்விருவர்மீதும் கைகளை வைத்தார்கள், விடைகொடுத்தார்கள். சென்ற இருவரின் பெயர்கள் உலகறிந்தவை. ஆனால் நீகர் எனப்பட்ட சிமியோனையும், சிரேன் ஊர் லூக்கியுவையும், மனாயீனையும் நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? அவர்களும் அதே வசனங்களில்தான் இடம்பெற்றிருக்கிறார்கள். விடைகொடுத்துவிட்டு அந்தியோக்கியாவிலேயே நின்றவர்கள் அவர்கள்.

மறைபரப்பு வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் சென்றவர்களையே நாம் பார்க்கிறோம். கடல் கடந்தவர், காடு கடந்தவர், குருதி சிந்தியவர் ஆகியோரின் பெருமை அத்தகையது. எனினும் அனுப்பியவர்களும், சென்றவர் விட்டுப்போன இடத்தில் நின்று பணியைத் தொடர்ந்தவர்களும் இல்லாதிருந்தால் அந்த வரலாறு எவ்வாறு அமைந்திருக்கும்? இந்தக் கேள்வியோடு நமக்கு மிகவும் பழக்கமான ஒரு புனிதரின் வாழ்வை மீண்டும் அணுகிப் பார்ப்போம்.

மாற்று ஆளாக வந்த தூதர்

இந்தியாவுக்கு வரவேண்டியவராக முதலில் குறிக்கப்பட்டவர் புனித சவேரியார் அல்லர். போர்த்துக்கல் அரசர் மூன்றாம் ஜான் கேட்டுக்கொண்டபடி, சீமோன் ரொட்ரீகசோடு நிக்கொலாஸ் பொபடில்லாவை அனுப்புவதென இஞ்ஞாசியார் முடிவு செய்திருந்தார். புறப்படும் வேளையில் பொபடில்லா நோயுற்றார். அரசத் தூதர் மஸ்கரேனசோ காத்திருக்க இயலாத நிலையில் இருந்தார். உரோமையில் அப்போது அனுப்பக்கூடியவராக எஞ்சியிருந்தவர் சவேரியார். இஞ்ஞாசியார் கேட்டார், தயக்கமின்றி அவர் இசைந்தார். கிழிந்த உடைகளைத் தைத்துக்கொள்ளவும் திருத்தந்தையின் ஆசியைப் பெறவும்தான் அவருக்கு நேரம் இருந்தது. 1540 மார்ச் நடுவில் அவர் உரோமையை விட்டுப் புறப்பட்டபோது, இயேசு சபைக்குத் திருத்தந்தையின் முறையான ஒப்புதல் கூடக் கிடைத்திருக்கவில்லை. அது அதே ஆண்டு செப்டம்பரில்தான் வந்தது.

இறையழைத்தல் என்றதும் வானத்து ஒளியையும் கனவுக் காட்சிகளையும் நாம் எதிர்பார்க்கிறோம். கீழ்த்திசையின் பெருந்தூதருக்கு அந்த அழைப்பு ஒரு நண்பரின் காய்ச்சல் வழியாகவும், தலைவரின் ஒரு சொல் வழியாகவும் வந்தது. சாதாரண நிகழ்ச்சிகளின் மறைவில் இறைவன் பேசுவார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அனுப்பியவர்களை அவர் மறந்தாரில்லை. தோழர்கள் எழுதிய மடல்களிலிருந்து அவர்களுடைய கையொப்பங்களை வெட்டியெடுத்து, தம் வார்த்தைப்பாட்டின் படியோடு மார்பில் அணிந்திருந்தார். மொலுக்கத் தீவுகளிலிருந்து எழுதிய மடலொன்றில் அவரே இதைக் குறிப்பிடுகிறார். தனியாகச் சென்றவர் தனியாக இருக்கவில்லை.

முத்துக்குளித்துறையில்

1542 மே மாதம் கோவாவில் இறங்கிய சவேரியார், அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கிருந்த பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் எதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை ஆகியவற்றை மிகுந்த உழைப்போடு தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியவரையும் கூட்டினார். நோயாளிகள் எல்லாரிடமும் தாமே செல்ல இயலாதபோது, செபங்களைக் கற்ற சிறுவர்களை அவ்வீடுகளுக்கு அனுப்பினார். அனுப்பப்பட்டு வந்தவர், தாமும் அனுப்பத் தொடங்கினார், அதுவும் குழந்தைகளை!

1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமைத் தோழர்களுக்கு அவர் எழுதிய மடல் புகழ்பெற்றது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு, குறிப்பாகப் பாரிசுக்குச் சென்று, அன்பைவிட அறிவை மிகுதியாய்ப் பெற்றவர்களின் காதுகளில் பித்தனைப் போலக் கதறவேண்டும் என்னும் தம் வேட்கையை அதில் வெளியிட்டார். மறையுரைகளில் நாம் அடிக்கடி கேட்கும் பகுதி அது. ஆனால் அதே மடலில் அமைதியான வேறொரு செய்தியும் உண்டு. ஒவ்வோர் ஊரிலும் செபங்களின் படியொன்றை விட்டுச்செல்வதையும், எழுதத் தெரிந்தவர்கள் அதைப் படியெடுக்கச் செய்வதையும், விழா நாள்களில் மக்களைக் கூட்டிச் செபிக்க ஒருவரை நியமிப்பதையும் அவர் விவரிக்கிறார். இவ்வாறு கற்பிப்போரின் ஊதியத்திற்கென ஆளுநர் மார்ட்டின் அல்போன்சோ டி சோசா ஆண்டுக்கு 4,000 பொற்பணம் ஒதுக்கியதையும் நன்றியோடு எழுதுகிறார். அத்தொகை போர்த்துக்கல் அரசி கத்தரீனாளின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த வருவாய் என்பது வரலாறு.

அந்த ஊழியர்களைக் கணக்கப்பிள்ளை என்றே மக்கள் அழைத்தனர். ஊர்க் கணக்கெழுதுபவருக்குரிய அப்பெயர் கோவிலுக்கும் வந்து சேர்ந்தது. தம்மோடு பணிபுரிந்த மான்சிலாசுக்கு 1544-இல் சவேரியார் எழுதிய மடல்களிலும் அவர்கள் இடம்பெறுகின்றனர். மக்களைப் பொறுமையோடு தாங்கிக்கொள் என்று வேண்டிய அதே பேனா, கற்பிப்பவர்க்குரிய கூலியையும் கவனித்தது. புனிதம் என்பது கூலிக் கணக்கையும் உள்ளடக்கியது என நாம் இங்கே கற்றுக்கொள்ளலாம்.

சவேரியார் இக்கடற்கரையில் பணியாற்றிய காலம் ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். 1545-இல் மலாக்காவுக்குச் சென்றார்; 1552 திசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையோரத் தீவொன்றில் உயிர்நீத்தார். ஆனால் மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் செபம் நிற்கவில்லை. அவர் சென்றார், கணக்கப்பிள்ளை நின்றார்.

பெயரற்ற வேதியர்கள்

சவேரியாருக்குப் பின் இக்கரைக்கு வந்த என்றிக்கே என்றீக்கஸ் அடிகளாரின் கதையும் நோக்கத்தக்கது. யூத மரபில் வந்தவர் என்பதால் பிரான்சிஸ்கு சபையில் தொடர முடியாமற்போனவர் அவர். ஒரு வாயில் அடைபட்டவருக்கு இயேசு சபையில் மற்றொன்று திறந்தது. 1547 முதல் 1600-இல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் மக்களிடையே உழைத்தார். 1578-இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. ஊர் ஊராகப் படியெடுக்கப்பட்ட செபங்கள் இப்போது தமிழ் எழுத்தில் அச்சு நூலாயின.

மதுரை மறைத்தளத்தில் கணக்கப்பிள்ளையின் பணியை வேதியர், உபதேசியார் என்ற பெயர்களில் நம்மவர் தொடர்ந்தனர். குரு ஆண்டிற்கு ஓரிரு முறையே வரக்கூடிய ஊர்களில் மறைக்கல்வி தந்தவர்களும், சாவுப் படுக்கையின் அருகில் செபித்தவர்களும் அவர்களே. 1686-இல் மறவர் நாட்டில் புனித அருளானந்தர் பிடிக்கப்பட்டு வதைக்கப்பட்டபோது, அவருடனிருந்த வேதியர்களும் வதைக்கப்பட்டனர். ஓரியூர்ச் செம்மண்ணை நாம் பத்தியோடு எடுத்து நெற்றியில் இடுகிறோம். அந்த வேதியர்களுக்கு நம் வழிபாட்டில் என்ன நினைவு இருக்கிறது? வீரமாமுனிவர் இவர்களுக்காகவே ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார். தமிழ் மொழிக்கு அகராதியும் இலக்கணமும் காப்பியமும் தந்த பேரறிஞர், கிராமத்து வேதியரின் வாழ்வைச் சீர்ப்படுத்தத் தனி நூல் எழுதினார் என்றால், அப்பணியை எவ்வளவு உயர்வாக அவர் மதித்திருக்கவேண்டும்!

1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1837-இல் அச்சபையினர் மீண்டும் தமிழகத்திற்கு வரும்வரை குருக்கள் மிகச் சிலரே இருந்தனர். அந்த அறுபது ஆண்டுகளில் விசுவாசம் அணையாமல் காத்தவர்களுள் வேதியர்களும் குடும்பத் தலைவியரும் முன்நிற்கின்றனர்.

நம் பங்கு

இவர்களுடைய பணியைத் திருச்சபை மறந்துவிடவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட மறைபரப்புப் பணி பற்றிய ஆணையில் வேதியர்களின் தொண்டைப் போற்றி, அவர்களுக்கு நேரிய ஊதியமும் பாதுகாப்பும் வேண்டுமென வலியுறுத்தியது. 2021 மே 10-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் வேதியர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணிகளுள் ஒன்றாக ஏற்படுத்தினார். முத்துக்குளித்துறையின் கணக்கப்பிள்ளைக்கு நானூற்று எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மரியாதை என்று இதனைக் கொள்ளலாம்.

ஆனால் ஆணைகள் உரோமையிலிருந்து வரும். ஆள்கள் நம் வீடுகளிலிருந்துதான் வரவேண்டும். தேவ அழைத்தலுக்காக ஞாயிறுதோறும் மன்றாடுகிறோம். அந்த மன்றாட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையைக் குறித்ததாகவே நம் உள்ளத்தில் இருக்கிறதா? ஞாயிறு மறைக்கல்விக்கு ஆள் வேண்டுமெனப் பங்குத் தந்தை அறிவிக்கும்போது நம் கண்கள் ஏன் தரையை நோக்குகின்றன? நம் ஊர் உபதேசியாரின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா? ஓர் அரசியின் காலணிப் பணம் நம் முன்னோரின் பிள்ளைகளுக்குச் செபம் கற்பித்தது. நம்முடைய செலவுகளுள் எதை நாம் அதற்கென விட்டுக்கொடுத்திருக்கிறோம்?

பவுலைப் போலச் செல்ல எல்லாராலும் இயலாது. அந்தியோக்கியாவின் சிமியோனைப் போல நோன்பிருக்கவும், கை வைத்து அனுப்பவும், சென்றவரின் இடத்தில் நின்று கற்பிக்கவும் நம்மால் இயலும். வரும் ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பின் வாயிலில் ஓர் ஆசிரியருக்காகக் குழந்தைகள் காத்திருப்பார்கள். அங்கிருந்தே நாம் தொடங்கலாம்.