பெரிய நிக்கோபார்: மாறாத வெப்பமும் மாறும் நிலமும்

பெரிய நிக்கோபார், அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பகுதியின் தென்கோடித் தீவு. நிக்கோபார்த் தீவுகளில் இதுவே பெரியது. பரப்பு சுமார் 910 சதுர கிலோமீட்டர். வட அட்சரேகை 6°45′ முதல் 7°15′ வரை பரந்துள்ள இத்தீவு, கன்னியாகுமரியைவிட நிலநடுக்கோட்டுக்கு நெருக்கமானது. இதன் தென்முனையான இந்திரா முனையே இந்தியாவின் தென்முனை. அங்கிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) 500 கிலோமீட்டருக்கு மேல் கடல்வழி உண்டு. சுமத்திராவோ அதில் மூன்றிலொரு பங்குத் தொலைவில்தான் இருக்கிறது. தீவின் உட்பகுதி முழுவதும் மழைக்காடு மூடிய மலைகள். உயரமான சிகரம் 642 மீட்டர் உயரமுள்ள துல்லியர் மலை. கலத்தியா, அலெக்சாந்திரா, தாக்மர் ஆகிய ஆறுகள் இந்த மலைகளில் பிறந்து கடல் சேர்கின்றன. காட்டுக்குள் ஷோம்பென் மக்களும், கரையோரத்தில் நிக்கோபாரி மக்களும், 1969 முதல் குடியேற்றப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களின் வழிவந்தோரும் வாழ்கின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 8,000.

ஓர் ஊரின் நிலம் நிலையானது, வானிலை மாறக்கூடியது என்ற எண்ணத்தோடுதான் நிலவியல் விவரிப்புகள் பெரும்பாலும் எழுதப்படுகின்றன. பெரிய நிக்கோபாருக்கு அந்த எண்ணம் பொருந்தாது. இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பது வெப்பம். இடம் பெயர்வது நிலம். ஆழிப்பேரலை எச்சரிக்கை மையத்தின் வழியே இந்தத் தீவை ஓயாமல் கவனித்துவரும் ஐதராபாத்தையே எதிர்நிலைக்கு எடுத்துக்கொள்ளலாம். கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, தக்காணப் பீடபூமியில் சுமார் 540 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த நகரம், 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள கருங்கல் பாறைமேல் அமர்ந்திருக்கிறது. அங்கே நிலம் பெரிதாக அசைவதில்லை. ஆனால் மே மாதப் பகல் வெப்பம் 40 பாகையைத் தொடும், சனவரி இரவில் அது 15 பாகைக்கு இறங்கும். ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதுவும் ஓராண்டு பொய்க்கும், ஓராண்டு வெள்ளமாகும். பெரிய நிக்கோபாரில் இரவும் பகலும் கோடையும் மாரியும் சேர்த்துப் பார்த்தாலும் வெப்பநிலை பெரும்பாலும் 22 முதல் 32 பாகைக்குள் அடங்கிவிடும். நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணிநேரம்கூட இல்லை. சுற்றிலும் உள்ள வெதுவெதுப்பான கடல், காற்றின் ஈரத்தையும் சூட்டையும் ஒரே நிலையில் வைத்திருக்கிறது.

அப்படியானால் இங்கே பருவங்களே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அவற்றை வெயில் பிரிப்பதில்லை, காற்றின் திசை பிரிக்கிறது. தென்மேற்குப் பருவமழை இந்திய மண்ணில் முதலில் கால்வைப்பது நிக்கோபார்ப் பகுதியில்தான். வழக்கமாக மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில், கேரளத்துக்குச் சில நாள் முன்னதாக. அது ஓய்ந்ததும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று மழை கொடுக்கிறது. சனவரி முதல் மார்ச் வரை மட்டும் மழை குறைவு. ஆண்டு மழையளவு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மேற்குக் கரையில் அலை சீறுவதால் படகு அணைவது கடினம். கேம்பெல் பே என்னும் தலைமை ஊரும் குடியேற்றக் கிராமங்களும் கிழக்குக் கரையில் அமைந்ததற்கு இது ஒரு காரணம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் புவிச்சுழற்சியின் திருப்புவிசை வலுக்குன்றியிருப்பதால், இப்பகுதியில் உருவாகும் தாழ்வு மண்டலங்கள் பெரும்பாலும் வடக்கே நகர்ந்த பிறகே கடும்புயலாகின்றன. வங்கக்கடலின் ஆந்திர, தமிழகக் கரைகள் ஆண்டுதோறும் அஞ்சும் புயல் இங்கே அபூர்வம். வானம் இத்தீவிடம் ஒழுங்காகவே நடந்துகொள்கிறது.

ஒழுங்கு குலைவது அடியில். தீவுக்கு மேற்கே கடலடியில் ஓடும் நீண்ட பள்ளத்தில், இந்தியப் புவித்தட்டு கிழக்கிலுள்ள பர்மாத் தட்டின் கீழே நுழைகிறது. இரண்டும் பிணைந்து கிடக்கும் நெடுங்காலத்தில் மேல்தட்டின் விளிம்பு கீழே இழுபட, அதன் பின்பகுதி மெல்ல உப்பி எழுகிறது. பிடி விட்டதும் விளிம்பு துள்ளி உயர்கிறது. உப்பிய பகுதி தாழ்கிறது. 2004 டிசம்பர் 26 காலை 6.28 மணிக்கு அதுவே நடந்தது. 9.1 என்னும் அளவுக்குக் குறையாத அந்த நிலநடுக்கம், சுமத்திராவின் மேற்குக் கடலில் தொடங்கி வடக்கே 1,200 கிலோமீட்டருக்கு மேல் கடலடியைக் கிழித்துச் சென்றது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரையில் பவளப்பாறைகள் நீருக்கு மேலே வந்தன. நிக்கோபார்த் தீவுகள் தாழ்ந்தன. இந்திரா முனை 4.25 மீட்டர் அமிழ்ந்தது. 1972இல் கரைமேல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்துகொண்டது. நடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை வந்து திரும்பிவிட்டது. நிலம் தாழ்ந்ததால் உள்ளே வந்த கடல் திரும்பவில்லை. பழைய அலையாத்திக் காடுகள் நீரில் நின்றே பட்டுப்போயின. தென்னந்தோப்புகளும் கரையோரச் சாலையும் கடலுக்குள் போயின. பிறகு, புதிதாக நீர் ஏறிய இடங்களில் புதிய அலையாத்திச் செடிகள் முளைக்கத் தொடங்கின. இத்தீவின் கரை ஒரு தலைமுறைக்குள்ளேயே வேறாகிவிட்டது.

வெப்பத்தின் நிலைப்பையும் கரையின் நிலையின்மையையும் ஒருசேர உணர்த்தும் உயிர், நிக்கோபார் மெகபோடு என்னும் தரைப்பறவை. கோழியளவுள்ள இது முட்டைகளை அடைகாப்பதில்லை. கரையோரக் காட்டில் மணலையும் சருகையும் கால்களால் குவித்து மேடு கட்டி, அதற்குள் முட்டையைப் புதைத்துவிடுகிறது. சருகு மட்கும் சூட்டிலும் மண்ணின் வெதுவெதுப்பிலும் குஞ்சு பொரிகிறது. ஆண்டு முழுவதும் ஈரமும் சூடும் மாறாத நாடு இப்படியொரு வாழ்க்கைமுறைக்கு ஏற்றது. ஆனால் அந்த மேடுகள் கடலுக்கு மிக அருகில் இருந்ததால், 2004இல் அவற்றில் பெரும்பாலானவை அழிந்தன. வானிலையை நம்பிய பறவையை நிலம் கைவிட்டது.

இத்தகைய நிலநடுக்கம் பல நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை வருவது. அரிய நிகழ்ச்சியை வைத்து ஒரு தீவை விவரிக்கலாமா என்பது முதல் மறுப்பு. அரிய நிகழ்ச்சிதான். ஆனால் ஆண்டுதோறும் வரும் மழை தடம் விடாமல் போய்விடுகிறது. அந்தச் சில நிமிடங்கள் விட்டுச்சென்ற கரைதான் இன்றைய கரை. அதோடு, இரு பெருநடுக்கங்களுக்கு இடையிலும் நிலம் சும்மா இருப்பதில்லை. 2004க்குப் பின்னரும் தீவுகள் மெல்ல நகர்ந்துவருவதைச் செயற்கைக்கோள் வழி அளவீடுகள் காட்டின. 1961இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும் இத்தகைய ஆய்வில் ஈடுபட்டுள்ளது. உலகக் கடல்மட்ட உயர்வை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறோம். நிலமே ஏறி இறங்கும் இடத்தில், நிலத்தின் அசைவைக் கழிக்காமல் கடலின் உயர்வைச் சொல்லவே முடியாது.

இரண்டாவது மறுப்பு, எச்சரிக்கை அமைப்பைச் சார்ந்தது: எச்சரிக்கை கிடைக்கும்போது நிலத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? ஐதராபாத்தின் பிரகதி நகரில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் (இன்காய்ஸ்) 2007 அக்டோபர் 15 அன்று ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. கடலடி நடுக்கத்தின் இடமும் அளவும் சில நிமிடங்களில் கணிக்கப்படுகின்றன. முன்கூட்டியே கணித்து வைத்த அலைமாதிரிகளோடு அவை ஒப்பிடப்பட்டு முதல் அறிக்கை வெளியாகிறது. ஆழ்கடல் தரையில் உள்ள அழுத்தமானிகளும் கரையோரக் கடல்மட்ட அளவிகளும் அலை உண்மையிலேயே கிளம்பியதா என்று உறுதி செய்கின்றன. 2004இல் தமிழகக் கரையை அலை அடைய இரண்டு மணிநேரத்துக்கும் மேலாயிற்று. அவ்வளவு நேரம் கிடைத்தால் நாகப்பட்டினத்து மக்களை அடுத்த முறை காப்பாற்ற இயலும். பெரிய நிக்கோபாருக்கோ அரைமணி நேரமும் உறுதியில்லை. மேலும், எந்த எச்சரிக்கையும் மனிதரை மேட்டுக்கு அனுப்புமே தவிர, நிலம் தாழ்வதைத் தடுக்காது.

மூன்றாவது மறுப்பு, வளர்ச்சியின் பெயரால் வருவது. கலத்தியா விரிகுடாவில் சரக்குப்பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம் ஆகியவை அடங்கிய திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அதற்கான நிலம் சுமார் 166 சதுர கிலோமீட்டர். நிலநடுக்க நாடான ஜப்பானில் பெரிய துறைமுகங்கள் இல்லையா என்று இதன் ஆதரவாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் 2011 நிலநடுக்கத்தில் ஜப்பானின் ஓஷிகா தீபகற்பம் சுமார் 1.2 மீட்டர் தாழ்ந்தபோதே, இஷினோமாகி நகரத் தெருக்களில் ஒவ்வொரு கடல் ஏற்றத்தின்போதும் நீர் புகுந்தது. இந்திரா முனை தாழ்ந்தது அதைவிட மூன்று மடங்குக்கு மேல். நடுக்கத்தைத் தாங்கும் கட்டடத்தைக் கட்டலாம். தரைமட்டமே நான்கு மீட்டர் இறங்கினால் துறைமுகத் தளம் கடலாகிவிடும். அதே கலத்தியா விரிகுடா மணலில்தான் தோல்முதுகுக் கடலாமைகள் முட்டையிட வருகின்றன என்பதும் கணக்கில் சேரவேண்டியது.

ஆகவே, பெரிய நிக்கோபாரை வெப்பமண்டல மழைத்தீவு என்று மட்டும் வகைப்படுத்துவது பாதி உண்மை. தீவின் கரையைக் காட்டும் ஒவ்வொரு நிலப்படத்திலும் அளந்த ஆண்டு குறிக்கப்பட வேண்டும். நில உயரமும் கடல்மட்டமும் பற்றிய தொடர் அளவீடுகள் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அவற்றைப் பார்க்காமல் இக்கரையில் ஒரு கல்லும் நாட்டக்கூடாது.