மாட்டுக் கொள்ளைநோயும் சர்வதேசக் கண்காணிப்பின் தோற்றமும்

விலங்குநோய்களை நாடுகள் ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறைமை பொதுவாக மனிதாபிமான ஏற்பாடாகவே எடுத்துரைக்கப்படுகிறது. அதன் தோற்றத்தை வரலாற்று நோக்கில் ஆராயின், எவருடைய இழப்பு சர்வதேசப் பிரச்சினையாகக் கொள்ளப்பட்டது என்னும் வினா முதன்மை பெறும்.

தமிழகத்தில் வெக்கை எனப்படும் மாட்டுக் கொள்ளைநோய் மனிதரைத் தொற்றுவதன்று. ஆயினும், உழவெருதையும் கறவைப் பசுவையும் ஒருங்கே அழிப்பதால் அது பஞ்சத்துக்கு வழிவகுத்தது. 1887 அளவில், இத்தாலியப் படையினர் மசாவாத் துறைமுகத்தில் இறக்கிய மாடுகளுடன் இந்நோய் எதியோப்பியாவினுட் பரவியதென்பர். அந்நாட்டு மாடுகளுள் மிகப் பெரும்பகுதி மாண்டது. 1888 முதல் 1892 வரை நீடித்த பஞ்சத்தில் மக்களுள் மூன்றிலொரு பங்கினர் இறந்தனரென மதிப்பிடப்படுகிறது. பத்தாண்டுக்குள் நோய் தென்னாபிரிக்காவை எட்டியது. மந்தைகளை இழந்த சமூகங்கள் குடியேற்ற ஆட்சியை எதிர்க்கும் வலுவையும் இழந்தன. எனினும், இப்பேரழிவை முன்னிட்டு நாடுகளுக்கிடையிலான நிலையான நிறுவனம் எதுவும் தோன்றவில்லை.

1920 இல் நிலைமை மாறியது. இந்தியாவிலிருந்து பிரேசிலுக்கு அனுப்பப்பட்ட மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் துறைமுகத்தில் தங்கின. அவற்றிலிருந்து நோய் பெல்ஜிய மந்தைகளுக்குப் பரவியது. அடுத்த ஆண்டே பாரிஸில் மாநாடு கூடிற்று. 1924 ஜனவரி 25 ஆந் திகதி 28 நாடுகள் உடன்பட்டுச் சர்வதேச விலங்குநோய் அலுவலகத்தை நிறுவின. மாட்டுக் கொள்ளைநோய் முதலியன புதிதாகத் தோன்றின் தந்திமூலம் அறிவித்தல் உறுப்பு நாடுகளின் கடமையாக்கப்பட்டது. ஆபிரிக்கக் குடியானவனின் பட்டினி சாதிக்காததை ஐரோப்பியச் சந்தையின் அச்சம் நான்காண்டுகளிற் சாதித்தது.

இதுகொண்டு அவ்வமைப்பின் பயனை மறுத்தல் தகாது. கென்யாவில் வோல்ற்றர் பிளவ்றைற் உருவாக்கிய தடுப்பூசியும், தொடர்ந்த கண்காணிப்பும், கிராமந்தோறும் உழைத்த கால்நடை ஊழியரின் பணியும் ஒன்றிணைந்தமையால், 2011 இல் இந்நோய் உலகினின்றும் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கண்காணிப்புத் தளர்ந்தவிடத்து நேர்வதை இலங்கையும் அறியும். பல்லாண்டுகள் நோயற்றிருந்த இத்தீவினுள், 1987 இல் இந்திய அமைதிப்படையினரின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளினூடாக அது மீண்டும் புகுந்தது. படைகளின் போக்குவரத்து நோய்க்கு வழிதிறந்தமை மசாவாவுடன் முடிந்துவிடவில்லை.

இன்றும் நோயை அறிவிக்கும் நாடு ஏற்றுமதித் தடையை எதிர்நோக்குகிறது. அதன் சுமை ஈற்றில் மந்தை வளர்ப்போனையே சாரும். உண்மை உரைப்போனைத் தண்டிக்கும் ஒழுங்கு மௌனத்தையே வளர்க்கும். ஆகவே, அறிவிக்கும் கடமையுடன் இழப்பீடு பெறும் உரிமையும் இணைக்கப்படுதல் வேண்டும். அது நிகழும்வரை சர்வதேசக் கண்காணிப்பு முதன்மையாகச் சந்தையின் காவலாகவே விளங்கும்.