தஞ்சாவூர் ஓவியத்தில் இல்லாத உள்கண்

அப்பாயிக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருஷம் இருக்கும். "மறுபடியும் பனி மூட்டமா இருக்குடா, புரை திரும்ப வந்துருச்சு போல" என்றது. அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை என்பதுதான் அதற்குப் பெரிய கவலை. தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "புரை திரும்ப வராது. லென்ஸ் உட்கார்ந்திருக்கிற பை மங்கியிருக்கு, லேசர்ல சரி பண்ணிடலாம்" என்றார்.

அங்கே காத்திருந்தபோது சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கிற அந்தக் கண் நோய்க் குறிப்புகள் ஞாபகம் வந்தன. இரண்டாம் சரபோஜி 1798-ல் பட்டத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே ஒப்பந்தம் போட்டு நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அதிகாரம் போன மன்னர் புத்தகம், மருத்துவம் என்று இறங்கினார். அவருடைய தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளின் நிலையையும் சிகிச்சையையும் தாளில் எழுதி, கண்ணையும் வண்ணத்தில் வரைந்து வைத்தார்கள். மன்னரே கத்தி பிடித்தார் என்ற பேச்சு இணையத்தில் நிறையச் சுற்றுகிறது. எனக்கு அதைவிட, எழுதி வைத்தார்களே, அதுதான் பெரிசு.

ஆனால் அந்தப் படங்கள் வெளியிலிருந்து தெரிகிற கண். உயிருள்ள கண்ணின் உட்புறத்தைப் பார்க்க ஹெல்ம்ஹோல்ட்ஸ் கருவி செய்தது 1851-ல். சரபோஜி இறந்து 19 வருஷம் ஆகியிருந்தது.

அதனால் என்ன போயிற்று என்று கேட்கலாம். நம் நாட்டில் வெகுகாலம் நடந்த பழைய முறையில், ஊசியால் புரை விழுந்த லென்ஸை உள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். உடனே வெளிச்சம் தெரியும், நோயாளி கும்பிட்டுவிட்டுப் போவார். தள்ளிய லென்ஸோ கண்ணுக்குள் இருக்கிற கூழில் மிதக்கும். பலருக்கு அழற்சியும் அழுத்தமும் ஏறி, கொஞ்ச நாளில் பார்வையே போய்விடும். உள்ளே நடப்பதை யாராலும் பார்க்க முடியாது.

பிரெஞ்சு மருத்துவர் டாவியேல், கண்ணைக் கீறி லென்ஸை வெளியே எடுக்கும் முறையை 1753-ல் வெளியிட்டார். பையின் பின்சுவர் மட்டும் உள்ளேயே நின்றது. இன்றும் அப்படித்தான். 1949-ல் லண்டனில் ரிட்லி முதன்முதலாகச் செயற்கை லென்ஸ் வைத்தார். இப்போது அதை அந்தப் பைக்குள்ளேயே வைக்கிறார்கள். எவ்வளவு துடைத்தாலும் பையின் ஓரத்தில் சில செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை பெருகி, மெள்ள ஊர்ந்து பின்சுவருக்கு வரும். கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி ஆகிவிடும். அப்பாயிக்கு நடந்தது இதுதான். 1980-களில் வந்த யாக் லேசர், மங்கிய சுவரின் நடுவில் சின்ன ஓட்டை போடுகிறது. கத்தி வேண்டாம், கட்டு வேண்டாம்.

பத்து நிமிஷத்தில் அப்பாயி வெளியே வந்தது. "கண்ணுக்குள்ள கொசு மாதிரி ஏதோ பறக்குது" என்றது. டாக்டரிடம் ஓடினேன். கொஞ்ச நாள் அப்படி இருக்கும், ஆனால் மின்னல் மாதிரி அடித்தாலோ திரை விழுகிற மாதிரி தெரிந்தாலோ உடனே வரணும் என்றார். விழித்திரை பிய்ந்திருக்கலாமாம். தன்வந்திரி மகாலில் இதைச் சொல்லி அனுப்ப ஆள் இருந்திருக்க முடியாது.