வீட்டு மீடியா பிளேயர்: வரலாறும் தேர்வும்

வீட்டு மீடியா பிளேயர் என்பது சேமித்து வைத்த கோப்பிலிருந்தோ இணையத்திலிருந்தோ காணொளியைப் பெற்றுத் தொலைக்காட்சித் திரையில் காட்டும் சிறு கருவியாகும். இன்றைய கருவிகள் பெரும்பாலும் தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐ துளையில் இணைக்கப்படுகின்றன. 2000களின் தொடக்கத்தில், வீட்டிலிருந்த கோப்புகளைக் காட்டவே இவ்வகைக் கருவிகள் உருவாயின. 2008ஆம் ஆண்டுக்குப் பின் இவை இணையச் சேவைகளின் வாயிலாக மாறின. இம்மாற்றத்தால் விலை குறைந்தது, பயன்பாடு எளிதாயிற்று. அதேவேளை, கருவி எதைக் காட்ட வேண்டும், எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை, வாங்கியவரிடமிருந்து நிறுவனங்களின் கைக்குச் சென்றது.

பின்னணி

டிவிடி வட்டில் ஒரு திரைப்படம் பல கிகாபைட் இடத்தை எடுத்துக்கொண்டது. எம்பெக்-4 முறையை அடிப்படையாகக் கொண்ட டிவ்எக்ஸ் போன்ற சுருக்க முறைகள் அதையே 700 மெகாபைட் கொள்ளளவுள்ள ஒரு சிடியில் அடக்கின. ஆனால் அந்தக் கோப்பைக் கணினியில்தான் பார்க்க முடிந்தது. கணினி ஓர் அறையிலும் தொலைக்காட்சி மற்றோர் அறையிலும் இருந்தன. இந்த இடைவெளியை நிரப்புவதே மீடியா பிளேயரின் முதல் நோக்கமாக இருந்தது.

முதலில் டிவ்எக்ஸ் கோப்புகளைப் படிக்கும் டிவிடி பிளேயர்கள் வந்தன. பின்னர் அவற்றில் யுஎஸ்பி துளை சேர்ந்தது. 2002இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் பதிப்பை வெளியிட்டது. இது முழுக் கணினியையே தொலைக்காட்சிக்கு அருகில் வைக்கும் முறை. விலையும் விசிறியின் இரைச்சலும் இதற்குத் தடையாக இருந்தன.

எக்ஸ்பாக்ஸிலிருந்து கோடி வரை

2001இல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்குள் 733 மெகாஹெர்ட்ஸ் செயலி, 64 மெகாபைட் நினைவகம், வன்தட்டு, வலையமைப்புத் துளை ஆகியவை இருந்தன. சுருங்கச் சொன்னால், அது தொலைக்காட்சியோடு இணைந்த ஒரு மலிவான கணினி. ஆர்வலர்கள் அதன் பூட்டை உடைத்து, தாங்கள் எழுதிய நிரலை அதில் இயக்கினர். 2002இல் எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயர் என்ற பெயரில் தொடங்கிய அந்த நிரல், பின்னர் எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் ஆயிற்று. இதற்கு மைக்ரோசாஃப்டின் ஒப்புதல் இல்லை. எனவே திட்டக் குழுவினர் மூல நிரலை மட்டுமே வெளியிட்டனர்.

பிற்காலத்தில் இந்நிரல் விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு ஆகியவற்றிலும் இயங்கியது. எக்ஸ்பாக்ஸோடு தொடர்பு அற்றுப்போனதால் 2014இல் இதற்குக் கோடி என்று பெயர் மாற்றப்பட்டது. பிளெக்ஸ் என்னும் மென்பொருளும் இதிலிருந்து கிளைத்ததே. கோடி தன்னுடன் எந்தப் படத்தையும் கொண்டு வருவதில்லை. பயனரிடம் உள்ள கோப்புகளை ஒழுங்குபடுத்திக் காட்டுவதே அதன் பணி.

பொது மொழிக்கான முயற்சி

வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொது நெறிமுறை தேவைப்பட்டது. சோனி, இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்கள் இணைந்து 2003இல் ஓர் அமைப்பைத் தொடங்கின. அது டிஎல்என்ஏ என்று அறியப்பட்டது. இந்த முறையில் மூன்று பங்குகள் உண்டு. கோப்புகளை வைத்திருப்பது வழங்கி. திரையில் காட்டுவது இயக்கி. எதை எங்கே காட்டுவது என ஆணையிடுவது கட்டுப்பாட்டுக் கருவி.

இம்முறையின் குறை கோப்பு வடிவங்களில் இருந்தது. கட்டாயமாக ஆதரிக்க வேண்டிய வடிவங்கள் சிலவே. ஆகவே டிஎல்என்ஏ முத்திரை இருந்தும் குறிப்பிட்ட கோப்பு ஓடாமல் போவது வழக்கமாயிற்று. 2008இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வெளியிட்ட டபிள்யூடி டிவி இச்சிக்கலுக்கு வேறு வழி கண்டது. பல வடிவங்களைப் படிக்கும் அந்தச் சிறு பெட்டியில் யுஎஸ்பி வன்தட்டைச் செருகினால் போதுமானது.

நெட்ஃபிளிக்ஸும் ரோக்குவும்

அஞ்சலில் டிவிடி அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், 2007 சனவரியில் இணையம் வழியாகப் படங்களைக் காட்டத் தொடங்கியது. தொடக்கத்தில் அவற்றைக் கணினியில் மட்டுமே காண முடிந்தது. தொலைக்காட்சிக்கென ஒரு பெட்டியைத் தயாரிக்கும் பொறுப்பு ஆந்தனி வுட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. இவர் ரீபிளேடிவி என்ற ஒளிப்பதிவுக் கருவி நிறுவனத்தை முன்பு தொடங்கியவர். இவருடைய ஆறாவது நிறுவனத்தின் பெயர் ரோக்கு. சப்பானிய மொழியில் அச்சொல்லுக்கு ஆறு என்று பொருள்.

பெட்டி ஏறத்தாழ ஆயத்தமான நிலையில், நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் திட்டத்தைக் கைவிட்டார். நெட்ஃபிளிக்ஸே பெட்டி விற்றால், பிற தயாரிப்பாளர்கள் அதைப் போட்டியாளராகக் கருதித் தங்கள் கருவிகளில் அதன் சேவைக்கு இடம் தர மாட்டார்கள் என்று அவர் எண்ணினார். அப்பணி ரோக்குவுக்கு மாற்றப்பட்டு, 2008 மே மாதம் 99.99 டாலர் விலையில் பெட்டி வெளிவந்தது. அதில் அப்போது இருந்தது நெட்ஃபிளிக்ஸ் சேவை ஒன்றே. அடுத்த ஆண்டில் பிற சேவைகளும் சேர்ந்தன.

ஆப்பிள் நிறுவனத்தின் பாதையும் இதே திசையில் சென்றது. 2007இல் வந்த முதல் ஆப்பிள் டிவியில் 40 கிகாபைட் வன்தட்டு இருந்தது; விலை 299 டாலர். 2010இல் வந்த இரண்டாம் தலைமுறையில் வன்தட்டு நீக்கப்பட்டது. விலை 99 டாலராகக் குறைந்தது. படம் வீட்டில் சேமிக்கப்படும் பொருள் என்ற நிலை மாறி, ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்து வரும் ஓடையாயிற்று.

பெட்டியிலிருந்து குச்சிக்கு

கூகுள் 2012இல் 299 டாலர் விலையில் நெக்சஸ் கியூ என்னும் கருவியை அறிவித்து, விற்பனைக்கு வருமுன்பே நிறுத்திவிட்டது. அடுத்த ஆண்டு சூலையில் அதே நிறுவனம் வெளியிட்ட குரோம்காஸ்டின் விலை 35 டாலர் மட்டுமே. இதற்குத் தொலைவியக்கி கிடையாது. கைப்பேசியே அதன் இடத்தைப் பிடித்தது. கைப்பேசி படத்தை அனுப்புவதில்லை. எந்தப் படம் என்ற முகவரியை மட்டும் அனுப்புகிறது. குச்சியே அதை இணையத்திலிருந்து நேரடியாகப் பெறுகிறது. அமேசான் 2014இல் ஃபயர் டிவி பெட்டியையும், அதே ஆண்டின் இறுதியில் 39 டாலர் விலையில் ஃபயர் டிவி ஸ்டிக்கையும் வெளியிட்டது.

இந்தியாவில் குரோம்காஸ்ட் 2014 திசம்பரில் 2,999 ரூபாய்க்கும், ஃபயர் டிவி ஸ்டிக் 2017 ஏப்ரலில் 3,999 ரூபாய்க்கும் விற்பனைக்கு வந்தன. 2015இல் ஹாட்ஸ்டாரும், 2016 சனவரியில் நெட்ஃபிளிக்ஸும், 2017இல் சன் நெக்ஸ்டும் தொடங்கப்பட்டதால் இக்கருவிகளுக்குத் தேவை பெருகியது.

நிறுவனங்களுக்கிடையே பூசல்

2015 அக்டோபரில் அமேசான் தன் தளத்தில் ஆப்பிள் டிவி, குரோம்காஸ்ட் ஆகியவற்றின் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. தன் பிரைம் வீடியோ அவற்றில் சரிவர இயங்கவில்லை என்பது அது கூறிய காரணம். 2017 திசம்பரில் கூகுள், ஃபயர் டிவியிலிருந்து யூடியூபை விலக்கப்போவதாக அறிவித்தது. இப்பூசல் 2019 சூலையில்தான் தீர்ந்தது. அதுவரை, எந்தக் கருவியை வாங்கினாலும் ஏதேனும் ஒரு சேவையைப் பெறுவதில் பயனருக்குச் சிக்கல் இருந்தது.

கருவியின் ஆயுள்

2019 திசம்பர் 1 முதல் ரோக்குவின் தொடக்ககால மாதிரிகள் பலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் இயங்குவது நின்றது. அவை பயன்படுத்திய பழைய உரிமைக் காப்பு முறையை நெட்ஃபிளிக்ஸ் கைவிட்டதே காரணம். நெட்ஃபிளிக்ஸுக்கென்றே பிறந்த கருவிக் குடும்பத்தின் மூத்த பெட்டிகள், பழுதடையாத நிலையிலும் அதை இழந்தன.

2025 மார்ச்சில் உலகெங்கும் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்கள் ஒரே நாளில் செயலிழந்தன. 2015இல் வழங்கப்பட்ட பத்தாண்டு மின்சான்று ஒன்று காலாவதியாகியிருந்தது. சில நாட்களில் கூகுள் திருத்தம் அனுப்பியதும் அவை மீண்டும் இயங்கின. குரோம்காஸ்ட் வரிசையின் உற்பத்தியை அந்நிறுவனம் 2024லேயே நிறுத்தியிருந்தது.

தேர்வில் கருதத்தக்கவை

இந்த வரலாற்றின் அடிப்படையில், கருவியைத் தேர்ந்தெடுப்போர் பின்வருவனவற்றைக் கருதலாம்.

உரிமைக் காப்புச் சான்று: ஆண்ட்ராய்டு பெட்டிகளில் வைட்வைன் எல்1 சான்றும் சேவை நிறுவனத்தின் ஒப்புதலும் இல்லையெனில், 4கே திரையிலும் நெட்ஃபிளிக்ஸ் படங்கள் உயர் தெளிவில் தெரியா. பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட 4கே என்ற குறி இதற்கு உறுதியாகாது.

சுருக்க முறைகள்: 2003இன் எச்.264, 2013இன் எச்இவிசி, 2018இன் ஏவி1 ஆகிய மூன்றையும் வன்பொருளிலேயே விரிக்கும் கருவி நீண்ட காலம் பயன்படும்.

பாதுகாப்பு: சான்றற்ற மலிவான பெட்டிகள் சிலவற்றில் தீநிரல் முன்கூட்டியே பதிக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டுள்ளது. பேட்பாக்ஸ் 2.0 எனப்படும் இத்தகைய தீநிரல் வலை குறித்து அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 சூனில் எச்சரித்தது.

சொந்தக் கோப்புகள்: திருமணக் காணொளி, பள்ளி ஆண்டு விழாப் பதிவு, பழைய டிவிடிகளின் படிகள் ஆகியவை எந்த இணையச் சேவையின் பட்டியலிலும் இருப்பதில்லை. அவற்றைக் காண யுஎஸ்பி துளையோ, கோடி, விஎல்சி போன்ற செயலியை நிறுவும் வசதியோ தேவை. குச்சி வடிவக் கருவிகள் பலவற்றில் தனி யுஎஸ்பி துளை இல்லை.

இணையச் சேவைக்காக வாங்கும் கருவியின் ஆயுளை அதன் வன்பொருளைக் காட்டிலும், தயாரிப்பாளர் அனுப்பும் மென்பொருள் இற்றைப்படுத்தல்களே தீர்மானிக்கின்றன. வீட்டுக் கோப்புகளை மட்டும் காட்டும் கருவிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 2008இல் வாங்கிய டபிள்யூடி டிவி பெட்டி பழுதாகாமல் இருந்தால், அன்று ஓட்டிய கோப்பை இன்றும் ஓட்டும்.