கரண்டியில் காய்ச்சிய சிறுநீர்

ஊத்தங்கரையில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு வயசு 66. ரொம்ப வருஷமா பிரஷர் மாத்திரை சாப்பிடுறவர். போன வருஷம் போனில், "யூரின்ல புரோட்டீன் நில்லுனு வந்திருக்குடா, கிட்னிக்கு ஒண்ணும் இல்ல" என்றார். ஆறு மாசம் கழித்து ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தால் 2.4. அப்போ அந்த 'நில்' என்னதான் சொன்னது? தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

சிறுநீரைப் பார்த்து நோய் சொல்வது நமக்குப் புதுசு இல்லை. தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறையில் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு அது பரவும் வடிவத்தைப் பார்ப்பார்கள். ஆனால் அது வாத, பித்த, கபக் கணக்கு. சிறுநீரகத்தை மட்டும் குறிவைத்தது அல்ல.

அந்த முடிச்சைப் போட்டவர் லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட். உடம்பு வீங்கி வந்தவர்களின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்தியில் காட்டினார். முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டது. அதே ஆட்கள் இறந்தபின் அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கெட்டிருந்தது. 1827ல் இதை வெளியிட்டார். சிறுநீர் இப்படித் திரள்வதை இத்தாலியின் கொட்டுன்யோ முன்பே பார்த்திருந்தார். உறுப்போடு சேர்த்துப் பார்த்ததுதான் பிரைட்டின் வேலை.

1950களில் நிறம் மாறும் பட்டை வந்தது. பட்டைக்குப் பிடிபடாத சின்ன அளவு ஆல்புமினை 1963ல் ஹாரி கீன் அளந்து காட்டினார். அந்தச் சின்னக் கசிவே பின்னால் வரும் சிறுநீரக நோய்க்கு முன்னறிவிப்பு என்று 1982ல் விபெர்ட்டி குழு சர்க்கரை நோயாளிகளிடம் காட்டியது. இப்போது ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமின் என்பது எல்லைக்கோடு.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தவர் சென்னை டாக்டர் எம்.கே. மணி. டயாலிசிஸும் மாற்று சிறுநீரகமும் இந்தியாவில் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது, வராமல் தடுப்பதே வழி என்று சொன்னவர். அவருடைய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் சென்னைக்குப் பக்கத்துக் கிராமங்களில் சுமார் 25,000 பேரைக் கையில் எடுத்தது. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்தார்கள். சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் விட்டுக் கலங்குதா என்று புரதம் பார்த்தார்கள். சர்க்கரைக்கு பெனடிக்ட் கரைசல், நாமெல்லாம் ஸ்கூல் லேபில் காய்ச்சினோமே, அதுதான். பிறகு விலை மலிவான பழைய மாத்திரைகள். 2003ல் அவர் எழுதிய கணக்குப்படி ஆளுக்கு வருஷத்துக்கு 27 அமெரிக்க சென்ட். பிரைட்டின் கரண்டிக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

தூரம் போனதும் உண்டு. சிறுநீரில் 273 பெப்டைடுகளைச் சேர்த்துப் பார்க்கும் சோதனை வந்தது. யாருக்கு நோய் முற்றும் என்று அது சரியாகச் சொன்னது. ஆனால் அப்படிக் கண்டுபிடித்தவர்களுக்குக் கொடுத்த ஸ்பைரோனோலாக்டோன் அதைத் தடுக்கவில்லை என்று 2020ல் வந்த பிரயாரிட்டி ஆய்வு காட்டியது.

சரி, பெரியப்பா விஷயம். பிரஷரால் தேயும் சிறுநீரகம் பெரும்பாலும் அதிகமாகப் புரதம் விடாது. வெயிலில் உழைக்கும் விவசாயிகளுக்குக் காரணம் தெரியாமல் வருகிற நோயும் அப்படித்தான். அதனால் பட்டையை மட்டும் நம்பி 'கிட்னிக்கு ஒண்ணும் இல்ல' என்பது தப்பு.

ஆனால் அந்த 'நில்' வெறும் பொய்யும் இல்லை. 2011ல் கனடாவின் தங்ரி குழு கொடுத்த சூத்திரத்துக்கு வயசு, ஆணா பெண்ணா, வடிகட்டும் வேகம், சிறுநீர் ஆல்புமின் நாலும் போதும். பெரியப்பாவுக்கு வேகம் 29, ஆல்புமின் 22. போட்டுப் பார்த்தேன்: ஐந்து வருஷத்தில் டயாலிசிஸோ மாற்று சிறுநீரகமோ தேவைப்படும் வாய்ப்பு 7 சதவீதம் கிட்ட. அதே கிரியாட்டினினோடு ஆல்புமின் 600 இருந்திருந்தால் 25ஐத் தாண்டும்.

இதைச் சொன்னதும் பெரியப்பா கேட்டது, "அப்ப உப்பு போட்டுக்கலாமா?" கூடாது என்றேன். போனை வைத்துவிட்டார்.