திருப்பதி லட்டை நாய் தின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும்? நெய், உலர் திராட்சையால் நேரும் ஆபத்துகள்

திருப்பதி: திருமலைக்குச் சென்று திரும்பும் பக்தர்களின் பையில் லட்டு இல்லாமல் இருப்பது அரிது. 2009ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இப்பிரசாதம், உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் பகிர்ந்தளிக்கப்படும் வரை மேசையிலோ பூஜை அறையிலோ ஓரிரு நாள்கள் இருக்கும். அதற்குள் வீட்டில் வளரும் சிறிய நாய் அதைக் கவ்விச் சென்று தின்றுவிட்டால், இனிப்புதானே என்று விட்டுவிடக் கூடாது. லட்டில் உள்ள நெய்யும் உலர் திராட்சையும் நாயின் உடலில் இருவேறு உறுப்புகளைப் பாதிக்கக்கூடியவை.

உடல் எடையே முதல் சிக்கல்

வழக்கமான ஒரு லட்டின் எடை சுமார் 175 கிராம். 5 கிலோ எடையுள்ள பொமரேனியன் அல்லது ஷிஹ் சூ வகை நாய் ஒரு லட்டை முழுமையாகத் தின்றால், அது 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே வேளையில் 12 லட்டுகளை உண்பதற்கு ஒப்பாகும். பெரிய நாய்க்கு வயிற்றுப்போக்கோடு முடியும் உணவு, சிறிய நாயின் உயிருக்கே ஆபத்தாவது இதனால்தான்.

நெய்யும் கணைய அழற்சியும்

கொழுப்பு மிகுந்த உணவைத் திடீரென உண்ணும் நாய்களுக்குக் கணைய அழற்சி ஏற்படலாம். செரிமான நொதிகள் குடலைச் சென்றடையும் முன்பே கணையத்துக்குள் செயல்படத் தொடங்கி, அவ்வுறுப்பையே அரிக்கும் நிலை இது. சில மணி நேரத்திலிருந்து 3 நாள்களுக்குள் அறிகுறிகள் தென்படலாம். தொடர் வாந்தி, உணவை மறுத்தல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, சோர்வு ஆகியவை முக்கியமானவை. முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பகுதியை மட்டும் உயர்த்தி நிற்பது வயிற்றுவலியின் அடையாளமாக இருக்கலாம். நெய் மட்டுமின்றி, வறுத்த இறைச்சி, கோழித்தோல், பிரியாணி, முந்திரி சேர்த்த இனிப்புகள் ஆகியவற்றாலும் இந்நிலை ஏற்படக்கூடும்.

உலர் திராட்சை: முதல் நாள் ஏமாற்றும்

திராட்சையும் உலர் திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைக் கடுமையாகப் பாதிக்கின்றன. எந்த நாய் பாதிக்கப்படும், எத்தனை திராட்சை ஆபத்து என்பதை முன்கூட்டியே கணிக்க இயலாது என்பதால், பாதுகாப்பான அளவு என்று எதுவும் வரையறுக்கப்படவில்லை. இவற்றிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மைய மருத்துவர்கள் 2021ஆம் ஆண்டு சுட்டிக்காட்டினர். இதே அமிலம் புளியிலும் மிகுதியாக உள்ளது. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது பதிவாகியுள்ளது. எனவே புளியோதரையையும் நாய்க்கு எட்டாமல் வைப்பது நல்லது.

பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். அதன்பின் நாய் தேறிவிட்டதுபோலத் தோன்றலாம். ஆனால் சிறுநீரகப் பாதிப்பு 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் வெளிப்படும். சிறுநீர் குறைவதும் முற்றிலும் நின்றுபோவதும் மிக ஆபத்தான அறிகுறிகள். ஆகவே அறிகுறி தெரியட்டும் என்று காத்திருப்பது சிகிச்சைக்கான நேரத்தை இழப்பதாகும்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

* மீதமுள்ள உணவை அகற்றி, எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். உணவுப் பொட்டலத்தையும் மருத்துவரிடம் காட்டலாம்.
* உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட், சைலிட்டால் எனும் இனிப்பூட்டி ஆகியவற்றில் ஏதேனும் உணவில் இருந்தால், நாய் நலமாகத் தோன்றினாலும் உடனே கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.
* தின்று சில மணி நேரமே ஆகியிருந்தால், மருத்துவர் ஊசி மருந்து மூலம் வாந்தி எடுக்கச் செய்வார். திராட்சை வயிற்றில் நெடுநேரம் தங்குவதால் சற்றுத் தாமதமானாலும் இது பயன்தரக்கூடும்.
* தேவைப்பட்டால் 2 முதல் 3 நாள்கள் வரை நரம்பு வழியாகத் திரவம் செலுத்தி, ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைக் கண்காணிப்பர்.

செய்யக் கூடாதவை

உப்புக் கரைசலைப் புகட்டியோ தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்பு மிகுந்தால் ரத்தத்தில் சோடியம் உயர்ந்து மூளை பாதிக்கப்படும். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற மனிதர்களுக்கான வலி மாத்திரைகளும் நாய்க்கு நஞ்சாகும். கொழுப்பை முறிக்கும் என எண்ணி எண்ணெயோ பாலோ கொடுப்பது நிலைமையை மோசமாக்கும்.

வீட்டிலேயே கண்காணிக்கலாமா?

நெய் தோசைத் துண்டு போன்ற சிறிதளவு உணவை மட்டும் தின்று, அதில் மேற்கண்ட நச்சுப் பொருள்கள் இல்லாமல், நாய் சுறுசுறுப்பாகவும் இருந்தால் 2 முதல் 3 நாள்கள் வீட்டிலேயே கவனிக்கலாம். குடிநீர் எப்போதும் இருக்க வேண்டும். குழைய வேகவைத்த சோறும், தோல் நீக்கி உப்பின்றி அவித்த கோழிக்கறியும் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். குட்டிகளைப் பட்டினி போடக் கூடாது. சிறிய இனக் குட்டிகளுக்கு ரத்தச் சர்க்கரை விரைவில் குறைந்துவிடும். ஒருமுறைக்கு மேல் வாந்தி எடுத்தாலோ, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் இருந்தாலோ, படுத்தே கிடந்தாலோ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

எங்கே செல்லலாம்?

திருப்பதியில், 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை அணுகலாம். சித்தூரில் உள்ளவர்கள் அரசு கால்நடை மருத்துவமனையையோ அருகிலுள்ள தனியார் மருத்துவரையோ நாடலாம். சென்னைக்குத் திரும்பியவர்களுக்கு வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது. ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களிலும் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவச் சேவை செயல்படுகிறது. எனினும் அது பெரும்பாலும் கிராமப்புறக் கால்நடைகளுக்கானது என்பதால், நச்சுணவு தின்ற நாயை நேரடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே விரைவான வழி.

புரட்டாசி மாதத்திலும் பிரம்மோற்சவக் காலத்திலும் வீடுகளில் பிரசாதப் பைகள் மிகுதியாக இருக்கும். அவற்றை மூடியுள்ள பாத்திரத்தில் இட்டு உயரமான அலமாரியில் வைப்பதும், அன்பின் பெயரால் நாய்க்கு ஒரு துண்டும் ஊட்ட வேண்டாம் எனக் குழந்தைகளுக்கும் விருந்தினருக்கும் சொல்லி வைப்பதும் போதுமான முன்னெச்சரிக்கையாகும்.